வெர்சாச்சே பிறந்த ரெஜ்ஜோ கலாபிரியா: மண்ணுக்கும் கடலுக்கும் அடியில் ஒரு கிரேக்க ஊர்

ஆடை வடிவமைப்பாளர் ஜியானி வெர்சாச்சே மிலான் நகரத்துக்காரர்தானே, அவருடைய சொந்த ஊர் என்று சொல்லப்படும் ரெஜ்ஜோ கலாபிரியாவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, அவருடைய ஆடைகளில் வரும் கிரேக்கச் சின்னங்களுக்கும் அந்த ஊருக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்பது இங்கே எழுந்துள்ள கேள்வி. மிலான் அவர் தொழில் செய்த ஊர். பிறந்து வளர்ந்த ஊர் ரெஜ்ஜோ. 1946 டிசம்பர் 2 அன்று அங்கே பிறந்தவர், 1972-இல் மிலானுக்குப் போகும் வரை, அதாவது தம் வாழ்நாளில் சரிபாதியை, அந்த ஊரிலேயே கழித்தார். கிரேக்கக் கதைகளில் வரும், பாம்புக் கூந்தல் கொண்ட கோர்கன் என்னும் பெண்பூதங்களுள் ஒருத்தியான மெதூசாவின் முகத்தையும் கிரேக்கக் கோட்டுக்கோலத்தையும் அவர் நூலகத்தில் தேடி எடுக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் வளர்ந்த தெருக்களின் அடியிலேயே ஒரு கிரேக்க நகரம் புதைந்து கிடந்தது என்பதுதான் என் பதிலின் சாரம். அதை விளங்கிக்கொள்ள ஊரின் கதையிலிருந்து தொடங்கவேண்டும்.

இத்தாலியைக் காலணி வடிவம் என்று சொல்வது வழக்கம். அந்தக் காலணியின் நுனிவிரலில், சிசிலித் தீவுக்கு நேர் எதிரே, மெஸ்ஸினா நீரிணையின் கரையில் இருக்கிறது ரெஜ்ஜோ. நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் இரு கரைகளுக்கும் இடையே ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான். வானம் தெளிந்த நாளில் கடற்கரையில் நின்றாலே எட்னா எரிமலையின் உச்சி தெரியும். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் யூபியா தீவின் கால்கிஸ் நகரத்திலிருந்து வந்த கிரேக்கர்கள் இங்கே குடியேறி, ஊருக்கு ரேகியோன் என்று பெயரிட்டார்கள். ஆணைப் பெண் தழுவி நிற்கும் இடத்தில், அப்சியாஸ் ஆறு கடலில் கலக்கும் முகத்தில் ஊரை எழுப்புங்கள் என்று டெல்ஃபி என்னும் கிரேக்கக் கோயிலின் அருள்வாக்கு அவர்களுக்குச் சொன்னதாகவும், காட்டு அத்திமரத்தைத் திராட்சைக்கொடி சுற்றிப் படர்ந்திருந்ததைக் கண்டு அதுவே அந்த இடம் என்று அவர்கள் தேர்ந்ததாகவும் ஒரு பழங்கதை உண்டு. தென் இத்தாலியின் கிரேக்கக் குடியேற்றங்களை எல்லாம் சேர்த்து மாபெரும் கிரேக்கம் என்ற பொருளில் மாக்னா கிரேசியா என்று பின்னாளில் அழைத்தார்கள்; அவற்றுள் மிகப் பழையவற்றுள் ஒன்று இது.

காதல் கவிதைகளால் புகழ்பெற்ற இபிகஸ் என்னும் கிரேக்கக் கவிஞர் இந்த ஊர்க்காரர். ஹோமரின் காவியங்களில் கடவுளர் சண்டையிடுவதற்கு உட்பொருள் தேடிய முதல் உரையாளர் என்று கருதப்படும் தியாகெனிஸும் இந்த ஊர்க்காரரே. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அனாக்ஸிலாஸ் எதிர்க்கரை நகரத்தையும் கைப்பற்றியதால்தான் அதற்கு மெஸ்ஸானா என்ற பெயர் வந்தது. ஒலிம்பியாவில் கோவேறு கழுதை பூட்டிய வண்டிப் பந்தயத்தில் வென்றதை அவர் நாணயத்திலேயே பொறித்துக்கொண்டார். கி.மு. 387 அளவில் சிசிலியின் சிரக்கூஸ் நகரத்தை ஆண்ட தியோனிசியஸ் 11 மாதங்கள் முற்றுகையிட்டு ஊரை அழித்தார். நிலநடுக்கங்களைச் சொல்வதற்கு முன்பே, மனிதக் கையால் நடந்த இந்த அழிவையும் சொல்லிவைக்க வேண்டும். ரெஜ்ஜோவின் வரலாறு முழுவதுமே இடிந்ததைத் திரும்பக் கட்டிய வரலாறுதான்.

வெர்சாச்சேயின் வீட்டுச் சூழல் எளிமையானது. தாய் பிரான்செஸ்கா தையற்கலைஞர். ஊரில் சொந்தமாகத் தையற்கூடமும் கடையும் நடத்தினார். பிள்ளைகளில் சாந்தோ மூத்தவர், ஜியானி அடுத்தவர், தொனதெல்லா இளையவர். தினுச்சா என்னும் சகோதரி சிறுவயதிலேயே இறந்துபோனார். தாயின் தையற்கூடத்தில் துணி வெட்டப்படுவதையும், வாடிக்கையாளர் உடலின் மீது துணி அளந்து பொருத்தப்படுவதையும், விழா ஆடைகளில் மணி கோர்க்கப்படுவதையும் பார்த்தபடியே ஜியானி வளர்ந்தார். பள்ளியில் இலத்தீனும் பழங்கிரேக்கமும் கற்பிக்கும் செவ்வியல் பாடப்பிரிவில் சேர்ந்தார்; படிப்பை முடிக்கவில்லை. தாயின் தொழில் கைகளுக்கும், பள்ளிப் பாடம் கண்களுக்கும் எதைக் கொடுத்தன என்பதை அவருடைய பின்னாள் வேலையில் தெளிவாகக் காணலாம். உடலை மறைக்காமல், அதன் மீது நீர்போல வழிந்து விழும்படி துணியை விடும் வழக்கம் கிரேக்கச் சிலைகளின் ஆடை மடிப்புகளுக்கு மிக நெருங்கியது.

மெதூசாவைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்லப்படுகின்றன. சிறுவயதில் உடன்பிறந்தோர் விளையாடிய பழைய இடிபாடுகளின் தரையில் மெதூசாவின் முகம் பதிக்கப்பட்டிருந்தது என்பது ஒன்று. மிலானின் ஜேசு தெருவில் அவர் வாங்கிய மாளிகையின் கதவில் அந்த முகம் இருந்தது என்பது மற்றொன்று. இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. இடிபாடுகளில் பார்த்துப் பழகிய ஒருவருக்குத்தான் கதவில் இருப்பது கண்ணில் படும். 1993-இல் அது நிறுவனத்தின் சின்னமாயிற்று. தென் இத்தாலியின் கிரேக்கக் கோயில்களில் கூரையோர ஓடுகளில் சுடுமண்ணால் இந்த முகத்தைச் செய்து வைப்பார்கள். நாக்கை நீட்டி விழிகளை உருட்டிய அந்தக் கோர்கன் முகம் கண்ணேறு கழிக்க வைத்த காவல் முகம். வெர்சாச்சேயின் சின்னத்தில் அது அழகிய பெண்முகமாக மாறியிருந்தாலும், பார்ப்பவரைக் கல்லாய் நிற்கவைக்கும் என்ற பழைய பொருள் மறையவில்லை.

இப்போது பார்க்கவேண்டிய இடங்களுக்கு வருகிறேன். ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் உண்டு என்றால், தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கட்டடக்கலைஞர் மார்செல்லோ பியச்செந்தீனி வடிவமைத்த அந்தக் கட்டடத்தின் வேலை 1932-இல் தொடங்கியது. அருங்காட்சியகமாகவே திட்டமிட்டு எழுப்பப்பட்ட இத்தாலியின் தொடக்ககாலக் கட்டடங்களுள் அது ஒன்று. உலகம் அதைத் தேடி வருவது ரியாச்சே வெண்கலச் சிலைகள் இரண்டுக்காக.

1972 ஆகஸ்ட் 16 அன்று, அயோனியக் கடலோரத்தில் உள்ள ரியாச்சே ஊருக்கு ரோமிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர், கரையிலிருந்து 200 மீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவில், 8 மீட்டர் ஆழத்தில் மூழ்கியபோது மணலிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். பிணம் என்று அஞ்சித் தொட்டுப் பார்த்தவர், அது உலோகம் என்று உணர்ந்தார். வெர்சாச்சே ஊரைவிட்டு மிலானுக்குப் போன அதே ஆண்டில் இந்த இருவரும் கடலிலிருந்து எழுந்து ஊருக்கு வந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது.

சிலைகள் இரண்டும் கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை, உயரம் 1.98 மீட்டரும் 1.97 மீட்டரும். பெயர் தெரியாததால் அறிஞர்கள் இளையவரை ‘அ’ என்றும் மூத்தவரை ‘ஆ’ என்றும் குறிப்பதுபோல எழுத்துகளாலேயே அழைக்கிறார்கள். மெழுகு உருக்கி வார்க்கும் முறையில், உள்ளே களிமண் கரு வைத்து, வெளியே மெல்லிய வெண்கலச் சுவராக அவற்றை வார்த்திருக்கிறார்கள். உதடுகளும் முலைக்காம்புகளும் செம்பு. இளையவரின் பற்கள் வெள்ளித் தகடு. கண்களில் வெள்ளைநிறக் கல் பதித்திருக்கிறது. இருவரும் ஒரு காலத்தில் இடக்கையில் கேடயமும் வலக்கையில் ஆயுதமும் ஏந்தியிருந்தார்கள். மூத்தவரின் தலையில் பின்னோக்கித் தள்ளிய தலைக்கவசம் இருந்தது. மூத்தவரின் வலக்கை முழுவதும் வேறு கலவை உலோகத்தால் ஆனது. பழங்காலத்திலேயே பழுது நேர்ந்து, மறுபடி வார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். இவர்கள் யார், யார் செய்தது என்பதில் இன்றும் ஒருமித்த முடிவில்லை. தீப்ஸ் நகரப் போரின் வீரர்கள் என்று சிலர் சொல்கிறார்கள். ரெஜ்ஜோவிலேயே வாழ்ந்த பித்தாகோரஸ் என்னும் சிற்பியின் பெயரும் ஆய்வுகளில் அடிபடுகிறது. கணித மேதையான பித்தாகோரஸ் வேறு, இவர் வேறு.

சிலைகளின் புற உப்பையும் பாசியையும் நீக்கும் வேலை புளோரன்ஸ் நகரத்தில் 1975 முதல் 1980 வரை நடந்தது. பிறகு அங்கேயும் ரோமிலும் காட்சிக்கு வைத்தபோது மக்கள் வெள்ளம் திரண்டது; 1981-இல் அவை ரெஜ்ஜோவுக்குத் திரும்பின. 2015-இல் மிலானில் உலகக் கண்காட்சி நடந்தபோது அங்கே அனுப்பலாம் என்ற யோசனை எழுந்தது. சிலைகளின் நொய்ந்த நிலையைக் காரணம் காட்டி அது கைவிடப்பட்டது. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். பார்க்க விரும்புவோர் தெற்கே போகட்டும். தெற்கில் உள்ளவை எல்லாம் வடக்கே போய்க்கொண்டிருந்தது போதும்.

அவை நிற்கும் கூடத்துக்குள் நேராக நுழைய முடியாது. சிறு குழுக்களாக முன்னறையில் காத்திருந்து, உடலிலும் உடையிலும் உள்ள தூசியைக் காற்று வடிகட்டி நீக்கிய பிறகே உள்ளே விடுவார்கள். சிலைகளின் பீடங்களை உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டு கராரா சலவைக்கல் பாளங்கள்; அவற்றின் நடுவே, குழிவுகளில் அமர்ந்த கல் உருண்டைகள். நிலம் குலுங்கினால் கீழ்ப்பாளம் அசையும், உருண்டைகள் உருளும், மேலே நிற்கும் வீரர் அசையாமல் இருப்பார். நிலநடுக்கத்தை அறிந்த ஊர் தன் அருஞ்செல்வத்தைக் காக்கும் முறை இது. வெண்கலங்களைப் பார்த்ததும் வெளியேறிவிடும் பயணிகளே பலர். அது பெரிய இழப்பு. 1969-இல் நீரிணையின் போர்ட்டிச்செல்லோ அருகே மூழ்கிய கப்பலிலிருந்து கிடைத்த தத்துவஞானியின் தலை, நீண்ட தாடியுடன் ஒரு குறிப்பிட்ட மனிதரையே கண்முன் நிறுத்துகிறது. லோக்ரி நகரத்தின் பெர்செபோனே கோயிலுக்குக் காணிக்கையாக இடப்பட்ட சுடுமண் பலகைகளில் மணப்பெண்கள் துணியை மடித்துப் பேழையில் வைக்கும் காட்சிகள் உண்டு. ஆடைக்கலையின் கண்ணோடு போகிறவர்கள் அங்கே நெடுநேரம் நிற்கவேண்டும்.

அருங்காட்சியகத்தைவிட்டு வெளியே வந்தால், இத்தனை பழைய ஊரில் பழைய கட்டடங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வி எழும். 1908 டிசம்பர் 28 அதிகாலை 5.20 மணிக்கு, மக்கள் உறக்கத்தில் இருந்தபோது, ரிக்டர் அளவில் 7 அளவுக்கு நிலம் அதிர்ந்தது. அரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். மெஸ்ஸினாவும் ரெஜ்ஜோவும் தரைமட்டமாயின. சில நிமிடங்களில் கடல் பின்வாங்கி, சில இடங்களில் 10 மீட்டருக்கும் உயர்ந்த ஆழிப்பேரலையாகத் திரும்பி வந்து, கரைக்கு ஓடித் தப்பியவர்களையும் வாரிக்கொண்டு போனது. இரு கரைகளிலுமாக இறந்தோர் 75,000-க்கும் மேல். அதற்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன், 1783-இல், ஒருமுறை இடிந்து மறுபடி கட்டிய ஊர் அது. பொறியாளர் பியெத்ரோ தெ நாவா வகுத்த 1911-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி அகன்ற நேர்த்தெருக்களுடன், உயரம் குறைந்த கட்டடங்களுடன் ஊர் மறுபடி எழுந்தது. அந்தக் காலத்தில் இத்தாலியில் லிபர்ட்டி என்று வழங்கிய பூவேலைப் பாணியில் கட்டிய முகப்புகளை இன்று கடற்கரைச் சாலையிலும் கரிபால்தி நெடுந்தெருவிலும் காணலாம். வெர்சாச்சே சிறுவனாக நடந்த ஊர், அவருடைய பாட்டி தலைமுறை இடிபாடுகளிலிருந்து கட்டி எழுப்பிய புதிய ஊர். அதன் அடியில் மட்டுமே பழையது இருந்தது.

இந்த இரண்டு அடுக்குகளையும் ஒருசேரப் பார்க்கும் இடம் கடற்கரை உலாச்சாலை. 1990-களில் மேயராக இருந்து ஊரை மீட்டெடுத்தவர் என்று மக்கள் நினைவில் நிற்கும் இத்தாலோ ஃபல்கொமத்தாவின் பெயரை அது தாங்கியிருக்கிறது. ஏறக்குறைய 1.7 கிலோமீட்டர் நீளம். பருத்த வேர்கள் தரையில் பரவிய பெரிய அத்தியின மரங்கள். ஒருபுறம் நீரிணை, மறுபுறம் மாளிகைகள். இத்தாலியின் மிக அழகிய கிலோமீட்டர் என்று ஊர்க்காரர்கள் இதைச் சொல்கிறார்கள். நடக்கும்போதே சாலையோரத்தில் கிரேக்க நகர மதிலின் ஒரு பகுதியும், சிறிது தள்ளி ரோமானியர் குளியற்கூடத்தின் அடித்தளமும் திறந்த வெளியில் கிடப்பதைப் பார்க்கலாம். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் இன்றும் அவற்றை ஒட்டித்தான் நடக்கிறார்கள்.

அதே கரையில், ஈட்டியும் கேடயமும் ஏந்திக் கடலைப் பார்த்து நிற்கிறது அத்தீனா தெய்வத்தின் சிலை. தந்தை உம்பெர்த்தோ கொலையுண்ட செய்தி கேட்டுக் கடற்பயணத்திலிருந்து திரும்பிய மூன்றாம் விக்தோர் இம்மானுவேல், 1900-இல் அரசராக இத்தாலிய மண்ணில் முதலில் கால் வைத்தது இங்கேதான். அதன் நினைவாக எழுப்பியது அது. சற்று அப்பால், 2020-இல் எதுவார்தோ திரெசோல்தி என்னும் கலைஞர் அமைத்த 46 தூண்கள், 8 மீட்டர் உயரம் வரை, முழுக்க உலோகக் கம்பி வலையால் ஆனவை. தூணின் வடிவம் இருக்கிறது, உடல் இல்லை. ஊடே கடல் தெரிகிறது. இதைப் பார்க்கும்போது, 1982-இல் வெர்சாச்சே உருவாக்கிய ஒரொத்தோன் என்னும் உலோக வலைத்துணி எனக்கு நினைவுக்கு வருகிறது. துணிபோல வழியும் உலோகம் அது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. இந்த ஒப்பீடு முழுக்க என்னுடையது.

பேராலயம் 1908-க்குப் பிறகு கட்டி 1928-இல் திறக்கப்பட்டது. கிறித்தவ வேதத்தின் திருத்தூதர் பணி நூல், பவுல் ரோமுக்குக் கைதியாகப் போகும் வழியில் இந்த ஊரைத் தொட்டார் என்று சொல்கிறது. ‘சுற்றி வந்து ரேகியத்தை அடைந்தோம்’ என்ற அந்த நூலின் வரியை முகப்பில் இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள். மெழுகுவத்தி எரியும் வரை பேச அவருக்கு இசைவு கிடைத்ததாகவும், மெழுகு தீர்ந்ததும் அருகில் இருந்த கல்தூணே தீப்பற்றி எரிந்ததாகவும் ஊரார் நம்புகிறார்கள். அந்தத் தூணின் துண்டு ஒன்று உள்ளே போற்றப்படுகிறது. அரகோன் அரசர்கள் 15-ஆம் நூற்றாண்டில் வலுப்படுத்திய கோட்டையில் இரண்டு பெரிய வட்டக் கோபுரங்களே எஞ்சியிருக்கின்றன. கோட்டையை ஒட்டிய ஒத்திமாத்தி ஆலயத்தை மட்டும் தவறவிடாதீர்கள். சுவர்கள் புதியவை, தரையோ நார்மன் காலத்தது. வட்டமும் நாற்கோணமும் பின்னிய வண்ணக்கல் கோலம் அது. வெர்சாச்சேயின் பட்டுத் துணிகளில் ஓரக்கோலம் எப்படிச் சட்டம் கட்டி நடுவை நிறைக்கிறது என்று கவனித்தவர்களுக்கு இந்தத் தரை அந்நியமாக இராது.

எழுத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. ஆண்டு குறித்து அச்சான எபிரேய நூல்களுள் மிகப் பழையது, யூதர்களின் வேதமான தோராவுக்கு ராஷி என்னும் யூத அறிஞர் எழுதிய உரை, 1475-இல் இந்த ஊரில்தான் அச்சேறியது. பின்னாளில் ராஷி எழுத்து என்றே பெயர்பெற்ற அச்செழுத்து அந்த நூலில் வழங்கியதே. யூதர்கள் 16-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் அரசிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஜுதெக்கா என்ற தெருப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பட்டும் இந்தக் கரைக்குப் புதிதன்று. ரெஜ்ஜோவுக்கு வடக்கே, இன்று சிசிலிக்குப் படகு ஏறும் வில்லா சான் ஜொவான்னி, 19-ஆம் நூற்றாண்டில் பட்டு நூற்பாலைகளால் பெயர்பெற்ற ஊர்.

இவ்வளவு செல்வமுள்ள ஊரைவிட்டு வெர்சாச்சே ஏன் போனார் என்றும் கேட்கத் தோன்றும். அவர் போனதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1970 ஜூலையில், கலாபிரிய வட்டாரத்தின் தலைநகரம் ரெஜ்ஜோவுக்கு இல்லை, கத்தன்சாரோவுக்கு என்று அறிவித்ததும் ஊர் கொந்தளித்தது. தடுப்பரண்களும் உயிர்ப்பலிகளுமாக 1971 தொடக்கம் வரை கலவரம் நீண்டது. அதைத் தணிக்க அரசு வாக்களித்த எஃகு ஆலை வரவே இல்லை. தெற்கின் இளைஞர்கள் வேலை தேடி வடக்கே ரயில் ஏறிய காலம் அது. வெர்சாச்சே போனதற்குக் கலவரமே காரணம் என்று நான் சொல்லவில்லை. மிலானின் துணி நிறுவனங்கள் அவரை அழைத்தன, ஆடைத்தொழில் அங்கே இருந்தது. ஆனால் திறமை உள்ளவர் தங்கி வாழத் தேவையான தொழில் அன்று ரெஜ்ஜோவில் இல்லை என்பது உண்மை. 1978-இல் மிலானில் தம் பெயரில் கடை திறந்தார். 1997 ஜூலை 15 அன்று மயாமியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 50.

இரண்டாவது நாள் கிடைத்தால் ஊருக்கு வெளியே போங்கள். வடக்கே, ஹோமரின் காவியத்தில் வரும் ஸ்கில்லா பூதத்தின் பெயரையே தாங்கிய ஷில்லா ஊரில், கியனலேயா என்னும் மீனவர் குடியிருப்பின் வீட்டுச் சுவர்களில் அலை மோதுகிறது. வாள்மீன் பிடிக்கும் படகுகளின் நடுவே மிக உயர்ந்த கம்பக் கோபுரம் நிற்கும். அதன் உச்சியில் இருந்து ஒருவர் மீனைக் கண்டு சொல்வார். தெற்கே, உலகின் பெர்கமோட் விளைச்சலில் பெரும்பகுதியைத் தரும் தோட்டங்கள். எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த அந்தக் காயின் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய் இல்லாமல் கொலோன் நறுமணநீரும் எர்ல் கிரே தேநீரும் இல்லை. அதற்கும் மேலே, அஸ்ப்ரோமோந்தே மலையில், போவா, கல்லிச்சியானோ போன்ற சிற்றூர்களில், முதியோர் சிலர் இன்றும் கிரேக்க மொழியின் ஒரு கிளையைப் பேசுகிறார்கள்.

செப்டம்பரில் போக முடிந்தால் மிக நல்லது. அம்மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, ஆறுதல் அன்னையின் 1547-ஆம் ஆண்டு ஓவியத்தை மிகக் கனமான சப்பரத்தில் வைத்து, குன்றின் மேலுள்ள மடத்திலிருந்து பேராலயம் வரை ஆண்கள் தோளில் சுமந்து வருவார்கள். கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி: இத்தாலியின் வடக்கே ரெஜ்ஜோ எமிலியா என்று மற்றொரு நகரம் இருப்பதால், ரயில் சீட்டு எடுக்கும்போது ஊரின் முழுப்பெயரையும் சரிபாருங்கள். இந்த ரெஜ்ஜோவில், தலைமை நிலையத்தில் இறங்காமல் லீதோ நிலையத்தில் இறங்கினால், அருங்காட்சியகமும் கடற்கரை உலாச்சாலையும் சில நிமிட நடைதான்.